பனி ஒன்றைக் கருக்கினால், மற்றொன்று காப்பாற்றும்!

பிரான்ஸ் நாட்டின் போர்தோ பகுதியில், திராட்சை விவசாயிகள் ஒரே ரகத்தை நம்புவது குறைவு. சிவப்பு ஒயின் தயாரிக்க மெர்லோ, கேபர்னே சாவிஞான் என இரண்டு, மூன்று ரகங்களை நடுகிறார்கள். மெர்லோ சீக்கிரம் துளிர்த்து, சீக்கிரம் பழுக்கும். ஏப்ரலில் உறைபனி விழுந்தால் முதலில் கருகுவது அதுதான். கேபர்னே தாமதமாகப் பழுப்பதால், அறுவடைக்கால மழையில் சிக்கும். 2017 ஏப்ரல் உறைபனியில் ஏராளமான தோட்டங்கள் துளிர்களைப் பறிகொடுத்தன.

சுவைக்கும் இந்தக் கலப்பு உதவுகிறது. மெர்லோ, பிளம்ஸ் பழ வாசனையும் மென்மையும் கொடுக்கும். கேபர்னே, துவர்ப்பையும் பல ஆண்டுகள் தாங்கும் தன்மையையும் கொடுக்கும். ரகவாரியாகத் தனித்தனியே புளிக்கவைத்து, ருசி பார்த்த பிறகே பெரும்பாலும் கலக்கிறார்கள்.

கொட்டைப்பாக்கை மென்றால் வாய் இறுகுமே, அதே துவர்ப்புதான் இதிலும். திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின்தான் காரணம். கறியும் கொழுப்பும் அந்தத் துவர்ப்பைத் தணிக்கும். அதனால், போயாக் வட்டார ஆட்டுக்குட்டிக் கறியும் கெட்டியான பாலாடைக்கட்டியும் இதற்குப் பொருத்தம். காரமான உணவோடு குடித்தால் எரிச்சல்தான் கூடும்.

வெப்பம் ஏறிவருவதால், 2021-ல் நான்கு புதிய சிவப்பு ரகங்களுக்கு அங்கே அனுமதி கிடைத்தது. கலவையில் இவை 10 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது.