கருப்பைக்குள் விழும் தழும்பு

மும்பை தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையில் நெல்லைத் தமிழ் இன்றும் காதில் விழும். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆனதும் "ஏட்டி, விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்பார்கள். இல்லையென்றால் விரதம், நேர்ச்சை, நாட்டு மருந்து. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கேள்வி கொஞ்சம் நாசூக்காக வரும், அவ்வளவுதான். "தீட்டு எத்தனை நாள் படுது?" என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

கருப்பை உள்சுவரின் மேலடுக்கு மாதாமாதம் உதிரும். அடியடுக்கு அதை மறுபடி வளர்க்கும். அடியடுக்கு சிதைந்தால் அங்கே தழும்பு விழுகிறது. எதிரெதிர்ச் சுவர்கள் ஒட்டிக்கொள்கின்றன. போக்கு குறையும், சிலருக்கு நின்றே போகும். கரு பதிய இடம் இருக்காது, பதிந்தாலும் கலையலாம். 1948-ல் இதை விரிவாக எழுதிய மருத்துவர் ஜோசப் ஆஷர்மனின் பெயரே நோய்க்கும் நிலைத்தது.

கரு கலைந்தபின் "கிளீன் பண்ணியாச்சு" என்கிறோமே, அந்தச் சுரண்டல்தான் பெரும்பாலும் காரணம். அதைக் கைவிட்டு உறிஞ்சும் முறையையோ மாத்திரையையோ பயன்படுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சுரண்டலில் விழுந்த ஒட்டுகளை ஹிஸ்டெரோஸ்கோப்பி என்ற உள்நோக்கி வழியாகப் பார்த்தே வெட்டிப் பிரிக்கலாம். மீண்டும் ஒட்டக்கூடும் என்பதால் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு: டி.பி. காற்று புகாத சிறு அறையில் ஐந்தாறு பேர் படுக்கும் தாராவியில் அது புதிதல்ல. நுரையீரலில் நுழைந்த கிருமி ரத்தத்தில் கலந்து கருக்குழாய்க்குப் போய், அங்கிருந்து கருப்பைக்குள் இறங்குகிறது. பெரும்பாலும் இருமல் இருக்காது. மார்பு எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கலாம். குழந்தை இல்லையென்று பரிசோதிக்கும்போதுதான் பலருக்குத் தெரிய வருகிறது. அரசு தரும் இலவச மருந்தைக் குறைந்தது ஆறு மாதம் சாப்பிட்டால் கிருமி சாகும். விழுந்த தழும்பு போகாது. தாமதம் எவ்வளவு கொடியது என்பது இங்கேதான் புரியும்.

1986 ஆகஸ்ட் 6-ல் பரேல் கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் இந்திரா ஹிந்துஜா குழுவினரின் முயற்சியால் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. டி.பி.யால் அடைபட்ட கருக்குழாயைச் சுற்றிப் போகும் வழி அது. ஆனால் அந்தக் கருவும் வந்து ஒட்ட, சுவர் வேண்டும்.

தாராவியை ஒட்டியே சயான் மருத்துவமனை இருக்கிறது. புருஷனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கும் பரிசோதனை உண்டு. எப்போது கிளீன் பண்ணினார்கள், அதன்பின் போக்கு எப்படி மாறியது என்று சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா என்பதையும் சொல்லுங்கள். அதை மறைத்துத்தான் கல்யாணம் நடந்தது என்றாலும் சொல்லுங்கள்.