பழுதுபார்ப்பவனும் ஒரு வாசகன்

1

காத்திவாக்கத்தில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பிட்டர் ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷம் எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் மெயின்டனன்ஸ் பார்த்தவர். ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு, பேரிங் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவாராம். 'பின்னாடி அதிர்வு பாக்கற மீட்டர் மாட்டிட்டாங்க நைனா. நல்லதுதான், ராப்பூரா அது முழிச்சிகினு இருக்கும். ஆனா அது குடுக்கறது நம்பரு. அந்த நம்பரு இன்னா சொல்லுதுன்னு நான்தான சொல்லணும்?' என்பார்.

கம்ப்யூட்டர் நிரல்களை எழுதவும் பராமரிக்கவும் உதவும் தானியங்கிக் கருவிகளைப் பற்றிப் பேச இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குக் கிடைக்கவில்லை. இலக்கியப் பத்திரிகையில் இந்தச் சங்கதி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பிரதி, வாசிப்பு, ஆசிரியன் என்று நாம் கருத்தரங்குகளில் விவாதித்துவந்த விஷயங்கள் அங்கே தினசரி வேலையாக, சம்பளத்துக்கு, நடந்துகொண்டிருக்கின்றன என்பதே என் பதில்.

2

முதலில் ஒரு அடிப்படைக் கேள்வி. இரும்பு துருப்பிடிக்கும், நிரல் துருப்பிடிக்குமா? பிடிக்காது. 1970இல் எழுதிய நிரலின் ஓர் எழுத்துக்கூட இன்று தேய்ந்திருக்காது. பிறகு அதற்கு எதற்குப் பழுதுபார்ப்பு?

மேர் லேமன் என்பவர் 1974 முதல் எழுதிவந்த விதிகளில் இதற்கு விடை இருக்கிறது. உபயோகத்தில் உள்ள ஒரு நிரல் தொடர்ந்து மாற்றப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்; இல்லையேல் அதன் பயன் குறைந்துகொண்டே போகும். மாற்ற மாற்ற அதன் சிக்கல் கூடும். அந்தச் சிக்கலைக் குறைக்கத் தனியாக உழைக்க வேண்டும். தேய்வது நிரல் அல்ல, நிரலுக்கும் உலகத்துக்கும் இடையிலான பொருத்தம். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தபோது அதற்கு முந்தைய நாள்வரை சரியாகப் பில் போட்ட நிரல்கள் ஒரே ராத்திரியில் தப்பானவை ஆயின. அவற்றில் யாரும் கைவைக்கவில்லை. சட்டம் நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். நம் ஏரிகளுக்குக் குடிமராமத்து என்றொரு ஏற்பாடு இருந்தது. ஏரி வெட்டியவன் பெயர் கல்வெட்டில் இருக்கும். வருஷாவருஷம் தூர் வாரியவன் பெயர் எங்கும் இராது. நிரல் உலகத்திலும் இதுதான் கதை.

3

பராமரிப்பவன் முன்னால் இருப்பது வேறொருவர் எழுதிய பிரதி. எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார், செத்தும் போயிருக்கலாம். ரோலான் பார்த் 1967இல் அறிவித்த ஆசிரியனின் மரணம் இங்கே கோட்பாடு அல்ல, திங்கட்கிழமைக் காலையில் எதிர்கொள்ள வேண்டிய நிலைமை. இந்த வாசகனுக்குத் துணையாகவே கருவிகள் வந்தன.

1974இல் பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸோடு வெளிவந்த 'டிஃப்' என்ற கருவி இரண்டு படிகளை ஒப்பிட்டு எந்த வரி கூடியது, எது போயிற்று, எது மாறியது என்று காட்டும். தமிழ் படித்தவனுக்கு இது புதிதல்ல. சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே.சா. ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்தாரே, அந்த உழைப்பின் முதல் பாதியை இயந்திரம் செய்கிறது. எந்தப் பாடம் சரி என்னும் இரண்டாம் பாதி மனிதனிடமே இருக்கிறது.

அதே ஆய்வகத்தில் 1978இல் ஸ்டீபன் ஜான்சன் எழுதியது 'லின்ட்'. துணியில் ஒட்டும் பஞ்சுப்பிசிறு என்று அர்த்தம். நிரலை ஓட்டிப் பார்க்காமல், வாசித்து மட்டுமே, இந்த மாறியை அறிவித்துவிட்டுப் பயன்படுத்தவே இல்லை, இந்த இடத்துக்கு நிரல் வந்துசேரவே வழியில்லை என்று பிசிறுகளைப் பொறுக்கித் தரும். இலக்கணம் கற்ற கண்டிப்பான ஒரு புலவர் என்று வைத்துக்கொள்ளலாம். 2005இல் வந்த 'கிட்' என்ற பதிப்புக் காவல் கருவியில் ஒரு கட்டளை உண்டு: ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார், எந்தத் தேதியில் தொட்டார் என்று சொல்லும். அதற்கு வைத்த பெயர் 'பிளேம்', அதாவது பழி. செத்துப்போன ஆசிரியனை எழுப்பிக் கூண்டில் நிறுத்துகிற வேலை! மாற்றியவன் பெயரை அது சொல்லும். ஏன் மாற்றினான் என்பதை, அவனே குறித்துவைத்திருந்தாலொழிய, சொல்லாது.

4

நம் ஊரில் இந்த வாசிப்பு மிகப் பெரிய அளவில் நடந்தது தொண்ணூறுகளின் கடைசியில், ஒய்2கே என்ற பெயரில். நினைவகம் விலை மிகுந்திருந்த காலத்தில், வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிச் சிக்கனம் செய்தார்கள். 2000 பிறந்தால் '00' என்பதை 1900 என்று இயந்திரம் எடுத்துக்கொள்ளும். அமெரிக்க வங்கிகளின், காப்பீட்டு நிறுவனங்களின் பழைய கோபால் நிரல்களை வரி வரியாக வாசித்துத் திருத்தும் வேலை இந்தியாவுக்கு வந்தது. டி.சி.எஸ். நிறுவனம் இதற்கென்று உருவாக்கிய முறைக்கு 'ஃபேக்டரி' என்றே பெயர். திருத்தும் வேலையைத் தானே செய்யும் கருவிகளையும் அது உருவாக்கிக்கொண்டது. வடசென்னையில் ஃபேக்டரி என்றால் சங்குச் சத்தமும் புகையும். இந்த ஃபேக்டரியில் அவை இல்லை. ஷிப்டும் இலக்கும் மட்டும் இருந்தன.

கருவி எப்படி வாசித்தது? 'டேட்' என்று பெயர் கொண்ட இடங்களைத் தேடும். அந்த மதிப்பு வேறெந்தப் பெட்டிக்கு நகர்த்தப்படுகிறதோ அதையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போகும். நல்ல உத்திதான். ஆனால் 'அப்டேட்' என்ற சொல்லுக்குள்ளும் 'டேட்' இருக்கிறது. அது தேதி அல்ல என்று மனிதன் சொல்ல வேண்டும். எழுதியவன் தேதிக்கு எக்ஸ்1 என்று பேர் வைத்திருந்தால் பேரைத் தேடும் கருவி பேசாமல் கடந்துபோகும். வருஷம் 99 என்பதை 'முடிவே இல்லை' என்ற அர்த்தத்தில் பயன்படுத்தியவர்களும் உண்டு. குறி ஒன்று, குறிப்பீடு வேறு. சசூரைப் படித்தவர்கள் புன்னகைக்கலாம்.

எல்லாத் தேதியையும் நான்கு இலக்கமாக்க நேரமில்லாதபோது ஜன்னல் முறை என்று ஒன்றைக் கையாண்டார்கள். 50க்குக் கீழே இருந்தால் 2000த்தில் சேர், மேலே இருந்தால் 1900த்தில் சேர் என்பதுபோல ஒரு கோடு கிழிப்பது. பழுது தீரவில்லை, தள்ளிப்போடப்பட்டது. 2000 ஜனவரி பெரிய விபத்தின்றிப் பிறந்ததும் 'எல்லாம் வீண் பீதி' என்று பேசினார்கள். ஏரி உடையாத வருஷத்தில் தூர் வாரியவனை யார் நினைத்தார்கள்?

5

கருவிகள் இன்னும் கூர்மையானால் மனித வாசிப்பு தேவைப்படாது என்பது ஒரு வாதம். இதற்குக் கணிதமே ஒரு வரம்பு கட்டியிருக்கிறது. எந்த நிரலைக் கொடுத்தாலும் அது நின்றுவிடுமா, நில்லாமல் சுற்றுமா என்று சரியாகத் தீர்ப்பளிக்கும் பொதுவான நிரல் இருக்க முடியாது என்று ஆலன் டூரிங் 1936இலேயே நிறுவினார். ஆகவே பழுது தேடும் கருவி சிலவற்றைத் தவறவிடும், அல்லது இல்லாத பழுதைக் கூவும். அதிகம் கூவினால் ஆட்கள் காதை மூடிக்கொள்வார்கள்.

கணிதத்துக்கு வெளியே இன்னொரு வரம்பும் உண்டு. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஆரியான் 5 ராக்கெட் கிளம்பிய ஒரு நிமிஷத்துக்குள் சிதறியது. முந்தைய ஆரியான் 4இல் சரியாக ஓடிய நிரல்பகுதி அதில் அப்படியே எடுத்தாளப்பட்டிருந்தது. புதிய ராக்கெட்டின் வேகத்தில் ஓர் எண், தனக்கு ஒதுக்கிய இடத்தில் அடங்காமல் போயிற்று. பழைய ராக்கெட்டில் அவ்வளவு பெரிய எண் வரவே வராது என்று கணக்குப் போட்டுத்தான் அங்கே காவல் வைக்காமல் விட்டிருந்தார்கள். அந்தக் கணக்கு நிரலின் வரிகளில் இல்லை. பிரதிக்கு வெளியே எதுவுமில்லை என்ற தெரிதாவின் வாக்கியத்தை நம்மில் சிலர் மேலோட்டமாக ஒப்பிப்பதுண்டு. அவர்கள் இந்த ராக்கெட்டைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

2021இல் கோபைலட் வந்தபிறகு மொழிமாதிரிகள் நிரலை எழுதுகின்றன. பழைய கோபாலுக்கு உரையும் சொல்கின்றன. உரையாசிரியரும் இயந்திரமே ஆகிவிட்டார். இதைக் கண்டு பீதியடைவதும் கும்பிடுவதும் ஒரேமாதிரிச் சோம்பேறித்தனம். ராத்திரி பூரா முழித்திருக்கும் மீட்டர் வேண்டாம் என்று எந்தத் தொழிலாளியும் சொல்ல மாட்டான். என் கவலை வேறு. புதிதாகச் சேர்ந்த பையனும் பெண்ணும் பிறர் எழுதிய நிரலில் பிசிறு பொறுக்கித்தான் வாசிக்கக் கற்றார்கள். மட்டமான வேலை என்று ஒதுக்கப்பட்ட அதுதான் அவர்களுடைய அப்ரண்டிஸ் காலம். அந்த வேலை முழுவதையும் கருவிக்குக் கொடுத்துவிட்டால், கருவி சொல்வதைச் சந்தேகிக்கத் தெரிந்த அடுத்த வாசகன் எங்கே உருவாவான்?

பிட்டரிடம் இதைச் சொன்னேன். 'எங்கிட்ட கத்துகினவங்க நாலு பேரு. மீட்டரு வந்தப்புறம் யாரும் வர்ல' என்றார்.