தண்ணீர் மெத்தை ஏன் வற்றியது?

வீட்டில் உள்ள பொருள்களிலேயே நம் உடம்போடு அதிக நேரம் ஒட்டிக் கிடப்பது படுக்கைதான். நாளில் மூன்றில் ஒரு பங்கை அதன்மேல் கழிக்கிறோம். அதனால் மெத்தையிலோ தலையணையிலோ போர்வையிலோ புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை தையல்காரருக்கும் வரும், நெசவாளருக்கும் வரும், முதுகுவலியால் தூக்கம் கெட்டவருக்கும் வரும். மூலை நழுவாத விரிப்பு, கழுத்துக்கு இதமான தலையணை, மடித்தால் பையாகிற மெத்தை என்று யோசனைகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் அந்த யோசனையைத் தொழிலாக்கி அதில் நிலைத்து நின்றவர்கள் மிகக் குறைவு. முதல் போடப் பணம் இல்லாததால்தான் அப்படி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். படுக்கைத் தொழிலின் கதையைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் வேறொரு காரணம் தெரிகிறது. புதுமை முதல் நூறு பேரைக் கூட்டி வரும். அதற்குப் பிறகு தொழில் வளர்வதும் தேய்வதும், விற்ற பொருளுக்கு வீட்டுக்குள் என்ன நேர்ந்தாலும் அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விற்றவரிடம் பதில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

இதற்குத் தண்ணீர் மெத்தையைவிட நல்ல சாட்சி கிடையாது. 1968-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் வடிவமைப்புப் படித்துக்கொண்டிருந்த சார்லஸ் ஹால் என்ற மாணவர், படிப்புக்காக ஒரு நாற்காலி செய்யக் கிளம்பினார். வினைல் பைக்குள் 300 பவுண்டு, அதாவது 136 கிலோ சோளமாவுக் கூழை நிரப்பினார். உட்கார்ந்தவரை அது மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது. அடுத்து ஜெல்லியை நிரப்பிப் பார்த்தார், அதுவும் சரிவரவில்லை. கடைசியில் வெறும் தண்ணீருக்கு வந்தார், நாற்காலியும் கட்டிலானது. பையில் தண்ணீர் நிரப்புவது பெரிய வித்தை இல்லை. ஹாலின் உழைப்பு அதைச் சுற்றி இருந்தவற்றில்தான். சூடேற்றாத தண்ணீர் படுத்திருப்பவரின் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். அதற்காக அடியில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் ஹீட்டர் வைத்தார். பை கசிந்தாலும் தரைக்குத் தண்ணீர் போகாதபடி உள்ளே இன்னொரு விரிப்பு, எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்க ஒரு சட்டம். 1971 ஜூனில் காப்புரிமையும் கிடைத்தது. அவருடைய நிறுவனத்துக்குக் கலிஃபோர்னியாவில் சுமார் 30 கடைகள் வந்தன.

ஆனால் பார்த்துச் செய்தவர்கள் பையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஹீட்டரும் இல்லை, கசிவைப் பிடிக்கும் விரிப்பும் இல்லை, விலையோ மலிவு. 6 அடி அகலம், 7 அடி நீளம், முக்கால் அடி ஆழம் என்று ஒரு மெத்தையைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 890 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கிட்டத்தட்ட 900 கிலோ எடை ஒரு படுக்கையறையின் தரையில் உட்கார்ந்திருக்கிறது. அது இரவில் கசிந்தால் நனைவது கீழ்வீட்டுக்காரரின் கூரையும்தான். அமெரிக்காவில் வீட்டு உரிமையாளர்கள் வாடகை ஒப்பந்தத்திலேயே தண்ணீர் மெத்தைக்குத் தடை எழுதத் தொடங்கினார்கள். கலிஃபோர்னியாவில் இதற்கென்றே சட்டம் வந்தது: குடியிருப்பவர் காப்பீடு வைத்திருந்தால், 1973 முதல் கட்டிய வீடுகளில் உரிமையாளர் மறுக்கக் கூடாது. ஒரு மெத்தை வாங்கக் காப்பீட்டுப் பத்திரமும் வேண்டும் என்றால் அந்தப் பொருளின் மேல் ஊருக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கும்! அப்படியும் ஆசை அடங்கவில்லை. 1987-ல் அமெரிக்காவில் விற்ற மெத்தைகளில் 22 சதவீதம் தண்ணீர் மெத்தைகள். அதன் பிறகுதான் சரிவு. குழாய் மாட்டி நிரப்புவது, பாசி பிடிக்காமல் மருந்து ஊற்றுவது, வீடு மாறும்போது இறைத்துக் கொட்டுவது என்று எல்லாப் பாடும் வாங்கியவர் தலையிலேயே விழுந்தது. பாடு இல்லாத மெத்தைகள் கடைக்கு வந்ததும் மக்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

இதே கதையில் இன்னொரு கிளை உண்டு. கண்டுபிடித்தவரைவிட அதை விற்ற ஒரு கடைக்காரர் நீடித்து நின்ற கதை அது. 1971-ல் ஃப்ளோரிடாவில் கெவின் கோனிக் என்பவர் ‘வாட்டர்பெட் சிட்டி’ என்ற சின்னக் கடையைத் திறந்தார். தண்ணீர் மெத்தையின் காலம் முடிகிறது என்று தெரிந்ததும், 1994-ல் அந்தக் குடும்பம் கடையின் பெயரை ‘சிட்டி ஃபர்னிச்சர்’ என்று மாற்றி, எல்லா வகை அறைகலன்களையும் விற்கத் தொடங்கியது. இன்று ஃப்ளோரிடாவின் பெரிய அறைகலன் நிறுவனங்களில் அது ஒன்று. பொருள் போய்விட்டது, வாடிக்கையாளர் போகவில்லை. அவர்களுக்கு முதலாக இருந்தது அந்த வாடிக்கைதான்.

நம் ஊரில் இது தெரியாத விஷயமே இல்லை. இலவம்பஞ்சு மெத்தை வாங்கிய வீட்டுக்கும் தைத்தவருக்கும் உறவு விற்பனையோடு முடிந்ததில்லை. சில வருடம் போனால் பஞ்சு கட்டி தட்டிவிடும். மெத்தையைப் பிரித்து, பஞ்சை வெயிலில் காயப்போட்டு, அடித்துப் பொலபொலவென்று ஆக்கி, குறைந்ததற்குப் புதுப் பஞ்சு சேர்த்து, புது உறையில் திணித்துத் தைத்துக் கொடுப்பார்கள். மெத்தை ஒன்றுதான், வேலை திரும்பத் திரும்ப வந்தது. போடிநாயக்கனூர் இலவம்பஞ்சுக்குப் பேர்போனதற்கு மரத்தோடு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஃபோம் மெத்தை வந்த பிறகு பிரித்துத் தைக்கும் வேலையே இல்லாமல் போயிற்று. பழசானால் தூக்கிப் போட வேண்டியதுதான். புதிதாகப் படுக்கைப் பொருள் செய்ய நினைப்பவர் முதலில் மீட்க வேண்டியது அந்த உறவைத்தான்.

‘காப்புரிமை வாங்கிவிட்டால் போதாதா?’ என்று இதற்கு ஒரு மறுப்பு வரும். வாங்க வேண்டும், சந்தேகமில்லை. இந்தியாவில் காப்புரிமை 20 ஆண்டுகளுக்குச் செல்லும். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். ஆய்வுக் கட்டணமும் வழக்கறிஞர் செலவும் தனி. முழு விவரம் தயாராகாவிட்டாலும் தற்காலிக விவரத்தைத் தாக்கல் செய்துவிட்டு, 12 மாதங்களுக்குள் முழுமையாக்கிக்கொள்ளலாம். பலர் கோட்டைவிடுவது வேறு இடத்தில்: விண்ணப்பிக்கும் முன்பே பொருளைக் கடையில் வைத்து விற்றுவிட்டால், ‘புதியது’ என்ற தகுதியே போய்விடும். இவ்வளவையும் சரியாகச் செய்தாலும் காப்புரிமை என்பது வழக்குப் போடும் உரிமைதான். ஹாலின் காப்புரிமை 1971-ல் கிடைத்தது. மீறியவர்களுக்கு எதிராக நடுவர் குழு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது 1991-ல். அதற்குள் காப்புரிமையின் காலமே முடிந்துவிட்டது, தண்ணீர் மெத்தையின் பொற்காலமும் முடிந்துவிட்டது. அவருக்கு முன்பே 1832-ல், லண்டனில் நீல் ஆர்னாட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், படுக்கைப் புண்ணால் அவதிப்பட்ட நோயாளிகளுக்காகத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ரப்பர் பூசிய துணி விரித்த படுக்கை ஒன்றைச் செய்தார். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று காப்புரிமையே கேட்கவில்லை. அது மனிதாபிமானம். தொழில் நடத்துகிறவர் அப்படி இருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் சிறு தொழிலுக்குக் காப்புரிமையைவிடக் கைகொடுப்பது பெயர்தான். 4,500 ரூபாயில் வணிகச் சின்னத்துக்கு விண்ணப்பிக்கலாம், பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். யோசனைக்கு ஆயுள் உண்டு. ‘இந்த ஆளிடம் வாங்கினால் பின்னால் வந்து பார்ப்பார்’ என்ற பெயருக்கு அப்படி ஒரு கெடு கிடையாது.

இரண்டாவது மறுப்பு வேகத்தைப் பற்றியது. மெதுவாகப் போனால் பெரிய ஆட்கள் முந்திக்கொள்வார்களே? எடைப் போர்வையின் கதை இதற்கு ஒரு பதில் சொல்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளை அமைதிப்படுத்தச் சிகிச்சையாளர்கள் பல வருடமாகப் பயன்படுத்தி வந்த, உள்ளே மணிகள் வைத்துத் தைத்துக் கனமாக்கிய போர்வை அது. சிறிய தயாரிப்பாளர்கள் சிலர் சத்தமில்லாமல் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2017-ல் ‘கிராவிட்டி’ என்ற பெயரில் அதே பொருள், மக்களிடம் முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 47 லட்சம் டாலர் திரட்டியது. கூடவே சிக்கலும் வந்தது. தூக்கமின்மைக்கும் மனப்பதற்றத்துக்கும் சிகிச்சை என்பதுபோல எழுதியிருந்த வாசகங்களை, கேள்வி எழுந்த பிறகு நீக்க வேண்டியிருந்தது. மனநோயோடு தூக்கமின்மையும் உள்ள 120 பேரிடம் ஸ்வீடனில் நான்கு வாரம் சோதித்து, எடைப் போர்வை போர்த்தியவர்கள் நன்றாகத் தூங்கினார்கள் என்ற ஆய்வு வெளிவந்தது 2020-ல். ஆதாரம் வருவதற்கு மூன்று வருடம் முன்பே வாக்குறுதி வந்துவிட்டது. அதற்குள் அதே மாதிரிப் போர்வைகள் இணையச் சந்தையில் குவிந்து விலை இறங்கிப்போனது. வேகம் முந்த உதவியது. முந்திய இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள உதவவில்லை.

பொறுப்பை ஏற்றுக்கொண்டதாலேயே தடுமாறியவர்களும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று அதுதான். 2014-ல் நியூயார்க்கில் தொடங்கிய ‘காஸ்பர்’, மெத்தையைச் சுருட்டிப் பெட்டியில் அடைத்து வீட்டுக்கு அனுப்பியது. 100 இரவு படுத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்றது. இதைவிடப் பெரிய பொறுப்பு ஏது? 2020 பிப்ரவரியில் 12 டாலருக்குப் பங்குச் சந்தைக்கு வந்த அந்த நிறுவனம், இரண்டே வருடத்தில் பங்குக்கு 6.90 டாலர் என்று கைமாறியது. விளம்பரச் செலவும், திருப்பி எடுக்கும் செலவும் லாபத்தை எட்டவிடவில்லை. இதிலிருந்து பொறுப்பே வேண்டாம் என்று முடிவு கட்டுவது தவறு. விலைக்குள் அடங்காத பொறுப்பை வாரி இறைத்தார்கள் என்பதுதான் பிசகு. வீட்டில் நான்கு மெஷின் போட்டுத் தைக்கிறவர் 100 இரவு கொடுக்க முடியாது, கொடுக்கவும் வேண்டாம். பிரிந்த தையலை இலவசமாகத் தைத்துத் தரலாம், மாற்று உறையை நியாயமான விலைக்குக் கொடுக்கலாம், மூன்று வருடம் கழித்து உள்ளடக்கத்தைப் புதுப்பித்துத் தரலாம். இதற்கெல்லாம் ஆகும் செலவை முதல் நாளே விலையில் சேர்த்துவிட வேண்டும். சேர்த்தால் விலை ஏறும், மலிவுப் பொருளோடு போட்டி போட முடியாது என்பார்கள். மலிவோடு போட்டி போடும் இடம் சிறு தயாரிப்பாளருடைய களமே இல்லை.

எடைப் போர்வையையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 150 சென்டிமீட்டருக்கு 200 சென்டிமீட்டர் அளவு, 10 சென்டிமீட்டர் சதுரக் கட்டங்கள் என்றால் 300 அறைகள். 7 கிலோ கண்ணாடி மணி போட வேண்டும் என்றால் அறைக்கு 23 கிராம். முதலில் நீளவாக்கில் 15 குழாய்களாகத் தைத்து, ஒவ்வொரு குழாயிலும் 23 கிராம் கொட்டி, குறுக்கே ஒரு தையல் ஓட்டி, மறுபடி கொட்டி, மறுபடி தைத்து, இப்படி 20 வரிசை. ஒரு மணி ஊசிக்கு அடியில் மாட்டினால் ஊசி உடையும். ஒரு தையல் விட்டால் பக்கத்து அறைக்கு மணி ஒழுகி, எடை ஒரே பக்கம் சேர்ந்துவிடும். இனித் துவைக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். நம் வீடுகளில் சாதாரணமாக இருப்பது ஆறேழு கிலோ வாஷிங் மெஷின். 7 கிலோ போர்வை தண்ணீரும் குடித்தால் மெஷின் என்ன ஆகும்? அதனால்தான் நல்ல போர்வைகளுக்கு மேலுறை தனியாக இருக்கும். உள்ளே நாடா கட்டி மாட்டினால் நழுவாது; உறையை மட்டும் கழற்றித் துவைத்தால் போதும். வாங்கியவரின் துவைக்கும் நாளை யோசித்த ஒருவருக்குத்தான் இந்த நாடா தோன்றியிருக்க முடியும். கைக்குழந்தைக்குப் போர்த்தக் கூடாது என்ற எச்சரிக்கையும் அதே அக்கறையில்தான் வருகிறது. விற்பனை குறையுமே என்று அதை எழுதாமல் விடுகிறவர் இந்தத் தொழிலுக்கு வரவே கூடாது.

யாரிடம் முதலில் விற்பது என்பதும் இதோடு சேர்ந்தது. உடம்பின் வடிவுக்கு ஏற்ப அமுங்கிக் கொடுக்கும் மெமரி ஃபோமுக்கு மூலம், விமான இருக்கைகளுக்காக நாசாவின் வேலையில் 1966-ல் சார்லஸ் யோஸ்ட் உருவாக்கிய நுரைப்பொருள். பின்னால் நாசா அதைப் பொதுவில் விட்டுவிட்டது, யாரும் எடுத்திருக்கலாம். பல வருடம் உட்கார்ந்து அதை வீட்டு மெத்தையாகப் பக்குவப்படுத்தியது ஸ்வீடனில் இருந்த ஒரு நுரை நிறுவனம். ‘டெம்பர்-பீடிக்’ என்று 1992-ல் அமெரிக்காவுக்கு வந்தபோது, அது முதலில் தட்டிய கதவுகளில் முதுகெலும்புச் சிகிச்சை செய்வோருடைய கதவும் ஒன்று. வலியோடு படுப்பவருக்கு மெத்தை ஆடம்பரப் பொருள் இல்லை. அவர் குறையை ஒளிக்காமல் சொல்வார், சரியாக இருந்தால் நாலு பேருக்கும் சொல்வார். கரூரிலும் சென்னிமலையிலும் தைக்கவும் நெய்யவும் கைகளுக்குக் குறைவில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளும் எல்லா ஊரிலும் இருக்கின்றன. அந்த வீடுகளில் இருபதுக்குக் கொடுத்து, ஆறு மாதம் துவைத்துக் காயவைத்துத் திரும்பி வருவதைப் பார்த்த பிறகு கடைக்குப் போகிற பொருள் வேறு மாதிரி இருக்கும். அந்த ஆறு மாதத்துக்கு வங்கிக் கடன் வாங்காதீர்கள் என்றுதான் புதிதாக இறங்குகிறவர்களைக் கேட்டுக்கொள்வேன்.

சார்லஸ் ஹால் தன் எழுபதுகளில் தண்ணீர் மெத்தையை மறுபடி கையில் எடுத்தார். அலையடிப்பதைக் குறைத்து, மேலே மெத்தென்ற துணியுறை போட்டு, ‘அஃப்லோட்’ என்ற பெயரில் 2018-ல் அது வெளிவந்தது. அதை விற்பனைக்கு வைத்தது ஃப்ளோரிடாவின் சிட்டி ஃபர்னிச்சர், ஒரு காலத்தில் வாட்டர்பெட் சிட்டியாக இருந்த அதே கடை.