இராஜநாயக்கனுக்குக் கிடைக்காத குருப்பட்டம்



சில ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனி சென்றிருந்தபோது, அங்கே ஒரு சிற்றூர்ச் சபையில் தமிழ்நாட்டைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். நம் ஊர்த் தேவாலயங்களில் இருந்த தனி இருக்கைகள், இன்றும் நிற்கிற தனிக் கல்லறைகள் பற்றிப் பேசினேன். கூட்டம் முடிந்து தேநீர் கொடுத்தார்கள். வயதான ஒருவர் என் அருகில் வந்து உட்கார்ந்தார். "சாதி உங்கள் பண்பாட்டின் ஒரு பகுதிதானே? வெளியிலிருந்து வருகிற நாங்கள் அதில் கை வைக்கலாமா?" என்று கேட்டார். கேலியோ ஆணவமோ அவர் குரலில் இல்லை. பிறர் பண்பாட்டை மதிக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை.

அடுத்த வாரம் ஹாலே நகரத்துக்குப் போனேன். 1698இல் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே தொடங்கிய அனாதை இல்லமும் பள்ளிகளும் இருக்கிற வளாகம் அங்கே உள்ளது. தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரிகள் பலர் அங்கிருந்து அனுப்பப்பட்டவர்கள். நம் ஓலைச்சுவடிகளும், மிஷனரிகள் எழுதிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் அந்தக் காப்பகத்தில் இருக்கின்றன. அந்த முதியவர் கேட்ட கேள்வி முந்நூறு ஆண்டுப் பழையது என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. அந்தக் கேள்விக்கு விலை கொடுத்த ஒருவரின் பெயரும் அந்த வரலாற்றில் இருக்கிறது. அவர் இராஜநாயக்கன்.

டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய சீகன்பால்கும் புளூச்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள். சீகன்பால்கு அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் பழகினார். தமிழ் நூல்களைத் தேடிச் சேர்த்தார். 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு நூல் எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார். புறச்சமயத்தை ஒழிக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்று அங்கே அதைக் கிடப்பில் போட்டார்கள். 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது. அந்நிய நாட்டில் கற்றுக்கொள்ள முடியும் என்பதற்குச் சீகன்பால்கு நல்ல சான்று.

ஆனால் யாரிடம் கற்றார்கள் என்பதையும் கேட்க வேண்டும். அந்த மிஷனில் 1707இல் ஞானஸ்நானம் பெற்ற முதல் ஐவர் டேனியர் வீடுகளில் இருந்த அடிமைகள். மொழி சொல்லிக்கொடுத்தவர்களும், சுவடி தேடித் தந்தவர்களும், ஊர் வழக்கம் எது என்று விளக்கியவர்களும் பெரும்பாலும் எழுத்தறிவைத் தம் கையில் வைத்திருந்த சாதியினர். நம்பி வந்தவர்கள் ஒரு பக்கம், விளக்கம் சொன்னவர்கள் இன்னொரு பக்கம். 'தமிழர் வழக்கம்' என்று மிஷனரி எழுதிய குறிப்பில் பெரிதும் பேசுவது இரண்டாவது பக்கத்தின் குரல்தான்.

இராஜநாயக்கன் தஞ்சாவூர் அரசரின் படையில் பணியாற்றியவர். பறையர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ச் சுவிசேஷப் புத்தகம் அவர் கைக்கு வந்தது. 1720களில் ஒரு பறையர் சிப்பாய் தமிழ்ப் புத்தகத்தைத் தானே படித்து, சிந்தித்து, தன் முடிவைத் தானே எடுத்தார் என்பதைக் கவனியுங்கள். மிஷனரி வந்து அவரைக் 'கண்டுபிடிக்க'வில்லை. அவர்தான் மிஷனைத் தேடிப் போனார். பிறகு படையை விட்டு உபதேசியாரானார். மிஷனரிகள் எளிதில் நுழைய முடியாத தஞ்சைப் பகுதியில், கடும் எதிர்ப்புக்கு நடுவில் சபைகளைக் கட்டினார்.

1733இல் கடலூர் வெள்ளாளரான ஆரோன் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்டு குரு அவர்தான். அடுத்தவர் யார் என்ற பேச்சு வந்தபோது இராஜநாயக்கன் பெயரும் தியோகு என்பவர் பெயரும் இருந்தன. இராஜநாயக்கனின் உழைப்பிலோ ஒழுக்கத்திலோ அறிவிலோ மிஷனரிகள் குறை காணவில்லை. ஒரு பறையர் கையால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள், சபை உடைந்துவிடும் என்பதுதான் அவர்கள் அச்சம். 1741இல் தியோகுவுக்குப் பட்டம் கொடுத்தார்கள். இராஜநாயக்கன் 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

இந்த முடிவுக்கு ஒரு கொள்கை விளக்கமும் தயாராக இருந்தது. அது தரங்கம்பாடியில் பிறந்ததல்ல. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி பிராமணத் துறவிபோல் வாழ்ந்தார். பூணூல், குடுமி போன்றவை சமூக அடையாளங்களே, சமயச் சடங்குகள் அல்ல என்று வாதிட்டார். 1623இல் ரோம் அதை ஏற்றது. பின்னர் ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனிக் குருமார் ஏற்பட்டார்கள். சாதி சமூக வழக்கம், ஆகவே விசுவாசத்துக்கு இடையூறில்லை என்ற அந்தப் பகுப்பைத்தான் புராட்டஸ்டண்டு சபைகளிலும் பிறகு பலர் கையில் எடுத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லைப்சிக் மிஷன் தலைவர் கார்ல் கிரௌல் இதையே வாதமாக வைத்தார். திருக்குறளை ஜெர்மனில் தந்த அறிஞர் அவர். தமிழை நேசித்தவர் என்பதில் ஐயமில்லை. தமிழை நேசிப்பதும் சாதியைப் பொறுத்துக்கொள்வதும் ஒரே மனிதரிடம் சேர்ந்து இருக்க முடியும் என்பதற்கு நமக்கு வேறு சான்று வேண்டாம்.

எல்லா மிஷனரிகளும் இப்படி இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாடு கூடாது என்று ஆணையிட்டார். மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். மதுரையில் அமெரிக்க மிஷன் சமபந்தி உணவை ஒரு சோதனையாகவே வைத்தது. செங்கல்பட்டுப் பகுதியில் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி ஆகிய மிஷனரிகளிடம் சேரி மக்கள் பள்ளியும் பாதுகாப்பும் கேட்டு வந்தார்கள். வேதம் கற்றவனை மிராசுதார் குடியிருக்கும் மனையிலிருந்து விரட்ட முடிந்தது. மனையும் அவன் கையில்தான் இருந்தது. சாதி என்பது மனதில் உள்ள எண்ணம் மட்டுமல்ல, நிலமும் கூலியும் வீட்டுமனையும்தான் என்பதை அந்த மக்களின் அனுபவம் மிஷனரிகளுக்குக் கற்றுக்கொடுத்தது. அவர்கள் அரசை நெருக்கினார்கள். ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையும் 1892ஆம் ஆண்டு அரசாணையும் வந்தன. நாம் இன்றும் மீட்கப் போராடுகிற பஞ்சமி நிலத்தின் கதை அங்கே தொடங்குகிறது.

தஞ்சையிலும் செங்கல்பட்டிலும் வேலை செய்தவர்கள் அந்நியர்களே. மேலே இருப்பவர் சொன்னதைப் பண்பாடு என்று எழுதிக்கொண்டவர் இராஜநாயக்கனுக்குப் பட்டத்தை மறுத்தார். கீழே இருப்பவர் சொன்னதைக் கேட்டவர் நிலம் கேட்டு மனு எழுதினார். யார் பேச்சைக் கேட்டார்கள் என்பதுதான் வேறுபாடு.

இது பழங்கதை அல்ல. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர் இன்றும் வெளியே நிற்கிறார். கிறிஸ்தவத்தில் சாதி இல்லை, உனக்கெதற்குத் தகுதி என்று இங்கே சொல்கிறார்கள். சாதி உங்கள் பண்பாடு, நாங்கள் தலையிடலாமா என்று அங்கே கேட்கிறார்கள். ஒருவர் சாதியை இல்லை என்கிறார், இன்னொருவர் அதை மதிக்கிறார். இரண்டு பேச்சிலும் நம் ஆள் வெளியேதான் நிற்கிறார்.

அந்த முதியவருக்கு இப்போது என் பதில் இது: ஐயா, நீங்கள் ஏற்கெனவே தலையிட்டுவிட்டீர்கள். 1741இல் இரண்டு பெயர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது உங்கள் ஊர்க்காரர்கள். ஒதுங்கி நிற்பதும் ஒரு பக்கம் சாய்வதுதான். எங்கள் பண்பாட்டை மதிக்க வேண்டும் என்றால், சாதியை எதிர்த்து நின்றவர்களின் பண்பாடும் அதில் உண்டு என்று அறிந்துகொள்ளுங்கள்.

இங்கே அமர்ந்திருக்கிற மாணவர்களில் சிலர் உதவித்தொகை பெற்று வெளிநாடு போவீர்கள். சிலர் சபைக் குழுக்களோடு போவீர்கள். அங்கே 'இந்தியப் பண்பாடு' என்று யாராவது பேசினால், அதைச் சொன்னவர் யார் என்று கேளுங்கள். காப்பகங்களுக்குப் போனால் மிஷனரிகளின் பெயரோடு நிற்காதீர்கள். உபதேசியார்கள் சொன்னதும் எழுதியதும் ஜெர்மன் மொழியில் ஹாலே அறிக்கைகளுக்குள் கிடக்கின்றன. ஜெர்மன் படியுங்கள். அவற்றைத் தமிழுக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதைகளில் அதுவும் ஒன்று.