மழையை அறியும் செயலி, உழுபவரை அறியாத பதிவேடு

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை பதிவானது. சில வாரங்கள் கழித்து, அம்மாவட்டத்துச் சேரி ஒன்றைச் சேர்ந்த பெண் ஒருவர் சட்ட ஆலோசனை கேட்டு என்னிடம் வந்தார். இரண்டு ஏக்கர் நிலத்தை வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்துச் சம்பா நெல் பயிரிட்டிருந்தார். பயிர் முழுவதும் நீரில் மூழ்கி அழுகிவிட்டது. விதை, உரம், நடவுக் கூலி என எல்லாச் செலவும் அவருடையது. நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. இரண்டு ஏக்கருக்கு ஏறத்தாழ 13,750 ரூபாய் வரும். அந்தத் தொகை நகரத்தில் வசிக்கும் நில உரிமையாளரின் வங்கிக் கணக்கிற்குச் சென்றது. அலுவலகத்தில் இவரிடம் பட்டா நகலைக் கேட்டிருக்கிறார்கள்.

தம் கைப்பேசியை எடுத்து, புயலுக்கு முன் வந்திருந்த எச்சரிக்கைக் குறுஞ்செய்தியை அவர் எனக்குக் காட்டினார். "மழை வருதுன்னு எனக்குச் சொல்லத் தெரிஞ்சுது சார். பயிர் வெச்சது நான்தான்னு மட்டும் அவங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டார்.

காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ளச் சிறு விவசாயிகளுக்கு டிஜிட்டல் தொழில்நுட்பம் துணைநிற்கும் என்று ஒன்றிய, மாநில அரசுகள் தொடர்ந்து கூறிவருகின்றன. அக்கூற்றின் உண்மையையும் எல்லையையும் அவருடைய கேள்வி சுட்டிக்காட்டுகிறது.

தகவல் அனைவருக்கும் வருகிறது

உண்மையான பகுதியை முதலில் ஏற்றுக்கொள்வோம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியை வடகிழக்குப் பருவமழை தருகிறது. அந்த மழை தள்ளிப்போவதும், வாரக்கணக்கில் பெய்ய வேண்டியது ஒரே நாளில் கொட்டுவதும் சிறு விவசாயிகளின் கணக்கைக் குலைக்கின்றன. என்றைக்கு நாற்றுவிடுவது, என்றைக்கு உரமிடுவது, அறுவடையை இரண்டு நாள் முன்கூட்டியே முடிக்கலாமா என்ற முடிவுகளில்தான் ஓராண்டு வருமானம் தங்கியிருக்கிறது.

இம்முடிவுகளுக்கு உதவும் கருவிகள் இன்று உள்ளன. இந்திய வானிலை ஆய்வுத் துறை செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வேளாண் வானிலை அறிக்கைகளை வெளியிடுகிறது. 2019இல் வந்த மேகதூத் செயலி அவற்றைக் கைப்பேசிக்குக் கொண்டுவருகிறது. தமிழ்நாடு அரசின் உழவன் செயலி 2018 முதல் செயல்படுகிறது. மின்னல் குறித்து முன்னெச்சரிக்கை தரும் தாமினி செயலி, திறந்த வெளியில் நாள் முழுவதும் வேலை செய்யும் கூலித் தொழிலாளரின் உயிரைக் காக்கக்கூடியது.

இவற்றுக்கு முன்னோடியும் உண்டு. 1998 முதல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வட்டாரக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. மீனவக் கிராமமான வீராம்பட்டினத்தில், கடல் அலையின் உயரம் குறித்த முன்னறிவிப்பை இணையத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அதைக் கேட்க யாரும் எந்த ஆவணத்தையும் காட்ட வேண்டியிருக்கவில்லை.

உரிமை பட்டாவைத் தேடிப் போகிறது

ஆனால் தகவல் பாதித் துணைதான். மழை வரும் என்று தெரிந்துகொண்ட விவசாயிக்கு அதைத் தாங்கும் பொருள் வலுவும் வேண்டும். பயிர்க் காப்பீடு, குறைந்த வட்டிக் கடன், இடுபொருள் மானியம், பேரிடர் நிவாரணம் ஆகியவையே அந்த வலு. எச்சரிக்கை கைப்பேசி எண்ணைத் தேடி வருகிறது. இந்த உதவிகளோ சர்வே எண்ணைத் தேடிப் போகின்றன. சர்வே எண் யார் பெயரில் இருக்கிறதோ, அவரே விவசாயி என்று கணினி முடிவு செய்கிறது.

2019இல் தொடங்கப்பட்ட பி.எம். கிசான் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளில் வழங்குகிறது. நிலம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கே அது உரியது. பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர்களுக்கு அதில் இடமில்லை. 2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வேறு விதமானது. அதன் வழிகாட்டு நெறிமுறைகளின்படி குத்தகைதாரரும் வாரதாரரும் காப்பீடு பெறலாம். காரிஃப் உணவுப் பயிர்களுக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதமும், ராபி பயிர்களுக்கு 1.5 சதவீதமும் செலுத்தினால் போதும். இருப்பினும் குத்தகைக்கான ஆவணத்தைக் காட்ட வேண்டும். வாய்மொழிக் குத்தகைக்கு ஆவணம் ஏது?

2024 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை 2,817 கோடி ரூபாய் மதிப்பிலான டிஜிட்டல் வேளாண் இயக்கத்திற்கு ஒப்புதல் அளித்தது. அதன் அடித்தளமான அக்ரிஸ்டாக் மூன்று பதிவேடுகளைக் கொண்டது: விவசாயிகள் பதிவேடு, புவிக்குறியிட்ட கிராம வரைபடங்கள், சாகுபடிப் பயிர்ப் பதிவேடு. 2026-27க்குள் 11 கோடி விவசாயிகளுக்கு அடையாள எண் வழங்குவது இலக்கு. தமிழ்நாட்டிலும் இதற்கான முகாம்கள் நடந்தன. ஆதாரையும் பட்டா விவரத்தையும் கைப்பேசி எண்ணையும் கொண்டு வாருங்கள் என்றார்கள். ஆதாரும் கைப்பேசியும் சேரியிலும் உண்டு. பட்டாதான் இல்லை.

பட்டா யாரிடம் இருக்கிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம்; இந்திய அளவில் 16.6 சதவீதம். ஆனால் இந்தியாவின் சாகுபடி நிலப்பரப்பில் அவர்கள் வசம் இருப்பது 10 சதவீதத்திற்கும் குறைவு என்று வேளாண் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. விவசாயத்தில் உழைக்கும் பட்டியல் சாதியினரில் பத்தில் ஏழு பேருக்கு மேல் கூலித் தொழிலாளர்கள். நிலம் இருக்கும் குடும்பங்களிலும் பட்டா பெரும்பாலும் ஆண்களின் பெயரிலேயே உள்ளது.

இந்நிலை தானாக உருவானதன்று. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் சென்னை மாகாண அரசு பஞ்சமர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. முதல் பத்தாண்டுகளுக்கு அந்நிலத்தை விற்க முடியாது. அதன் பின்னும் அதே வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை மீறப்பட்டுப் பெருமளவு நிலம் பிறரிடம் சென்றது. அதை மீட்கக் கோரி 1994இல் காரணையில் எழுந்த போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர்.

இன்று பஞ்சமி நிலமொன்றை அனுபவித்துவரும் பிற வகுப்பினர் ஒருவர், தம் பெயரில் உள்ள பட்டாவைக் காட்டி விவசாயி அடையாள எண் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மானியம் கிடைக்கும், நிவாரணமும் கிடைக்கும். சட்டப்படி பட்டா உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. அடையாள எண்ணும் உரிமையை உருவாக்காது. ஆனால் நடைமுறையில் அவருடைய பெயருக்கு அரசு ஏற்பு இன்னும் ஓர் அடுக்கு கூடுகிறது. பழைய ஆவணத்தின் அநீதியைத் திருத்தாமல் கணினியில் ஏற்றினால், அது திருத்துவதற்குக் கடினமான அநீதியாக மாறுகிறது.

ஒரு கட்டத்தின் விலை

தெலங்கானாவின் அனுபவம் இதைத் தெளிவாக உணர்த்துகிறது. அங்குப் பழைய நிலப் பதிவேட்டில் உரிமையாளரின் பெயருடன் 'அனுபவதாரர்' என்ற கட்டமும் இருந்தது. நிலத்தில் உண்மையில் யார் இருக்கிறார் என்பதை அது காட்டியது. 2017க்குப் பிறகு நடந்த ஆவணச் சீரமைப்பிலும், 2020இல் தொடங்கிய தரணி இணையதளத்திலும் அக்கட்டம் கைவிடப்பட்டது. 2018இல் வந்த ரைத்து பந்து உதவித்தொகையும் பட்டாதாரர்களுக்கே சென்றது. இவ்வாறு குத்தகை விவசாயிகள் அரசின் பார்வையிலிருந்தே மறைந்தார்கள்.

ஆந்திரத்தில் 2011இல் இயற்றப்பட்ட உரிமம் பெற்ற சாகுபடியாளர் சட்டம், உரிமையாளரின் கையெழுத்து இல்லாமலேயே குத்தகைதாரருக்குக் கடன் தகுதி அட்டை வழங்க வழிசெய்தது. அதற்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 11 மாதத்திற்குச் சாகுபடியாளர் உரிமை அட்டை தருகிறது. ஆனால் உரிமையாளரின் ஒப்புதல் தேவை. சாதி ஆதிக்கம் நிலவும் ஊரில் உரிமையாளரிடம் கையெழுத்துக் கேட்பதன் பொருள் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

மாற்று வழியும் சாத்தியமே. ஒடிசாவின் கலியா திட்டம் குத்தகைதாரரையும் நிலமற்ற வேளாண் குடும்பங்களையும் பயனாளிகளாக ஏற்றது. நிலமற்ற குடும்பங்களுக்கு ஆடு, கோழி, காளான் வளர்ப்பு போன்ற தொழில்களுக்காக 12,500 ரூபாய் அறிவித்தது. எனவே நிலமற்றவர்களைத் தரவுத்தளத்தில் சேர்ப்பதற்குத் தொழில்நுட்பம் தடையாக இல்லை. யாரைச் சேர்ப்பது என்பது அரசியல் முடிவு.

சட்டம் ஏற்கனவே சொல்வது

தமிழ்நாட்டில் புதிய சட்டத்திற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், வெளிப்படையான ஒப்பந்தத்தோடு உட்கிடையான ஒப்பந்தத்தையும் குத்தகையாக ஏற்கிறது. தம் உடலுழைப்பாலோ குடும்பத்தினரின் உழைப்பாலோ பிறர் நிலத்தில் பயிரிடுபவர் சாகுபடிக் குத்தகைதாரர். 1969ஆம் ஆண்டின் வேளாண் நிலங்கள் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் அவருடைய பெயரைப் பதிவேட்டில் சேர்க்க மனு அளிக்கும் உரிமையைத் தருகிறது. 2007ஆம் ஆண்டின் தேசிய விவசாயிகள் கொள்கை, குத்தகைதாரர், வாரதாரர், வேளாண் கூலித் தொழிலாளர் அனைவரையும் 'விவசாயி' என்ற சொல்லுக்குள் கொண்டுவந்தது.

சட்டம் இருந்தும் மனுக்கள் ஏன் குறைவு? மனு போட்டால் அடுத்த பருவத்திற்கு நிலம் கிடைக்காது என்ற அச்சமே முதற் காரணம். அந்த அச்சம் நியாயமானது. ஆகவே பதிவு என்பது தனிநபரின் துணிச்சலைச் சார்ந்திருக்கக் கூடாது. அரசே கிராமந்தோறும் சென்று பதிய வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(g), பட்டியல் சாதியினரை அவர்களது நிலத்திலிருந்து முறைகேடாக வெளியேற்றுவதையும், நிலம், நீர், பாசன வசதி ஆகியவற்றில் அவர்களுக்குள்ள உரிமையைத் தடுப்பதையும், பயிரை அழிப்பதையும், விளைச்சலை எடுத்துச் செல்வதையும் குற்றமாக்குகிறது. குத்தகைதாரர் மீதான பழிவாங்கலை இப்பிரிவோடு இணைத்துப் பார்க்க நாம் பழக வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவதாக, டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பில் 'என்ன பயிர்' என்பதோடு 'பயிரிடுபவர் யார்' என்பதும் கட்டாயமாகப் பதியப்பட வேண்டும். கணக்கெடுப்பவர் எப்படியும் வயலுக்குச் சென்றே புகைப்படம் எடுக்கிறார். அங்கு நாற்று நடுபவரிடம் பெயரைக் கேட்பதற்குக் கூடுதல் செயற்கைக்கோள் தேவையில்லை.

இரண்டாவதாக, உரிமையாளரின் ஒப்புதலை நிபந்தனையாக்காமல், அக்கம்பக்க விவசாயிகளின் சாட்சியத்தையும் கிராம சபையின் உறுதிமொழியையும் சான்றாக ஏற்றுக் குத்தகைதாரருக்கு அடையாள எண் வழங்க வேண்டும்.

மூன்றாவதாக, பேரிடர் நிவாரணம் பயிரிட்டவருக்கே செல்ல வேண்டும். பயிர் இழப்பால் வேலை இழக்கும் கூலித் தொழிலாளருக்கும் அதில் பங்கு வேண்டும்.

நான்காவதாக, பஞ்சமி நிலம் என ஆவணங்களில் உள்ள சர்வே எண்களுக்கு விவசாயிகள் பதிவேட்டில் தனிக் குறியீடு இட வேண்டும். நிபந்தனை மீறல் விசாரிக்கப்படும் வரை அவற்றின் மீது பிறருக்கு அடையாள எண் வழங்கக் கூடாது.

மாணவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. 2024 இறுதியில் தமிழ்நாட்டின் வேளாண் கல்லூரி மாணவர்கள் பயிர்க் கணக்கெடுப்பிற்காக வயல்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பாடவேளையை விட்டு அனுப்பியது சரியா என்பது தனி விவாதம். நம் சேரிகளில் எத்தனை பேர் யார் நிலத்தை எத்தனை ஆண்டுகளாகக் குத்தகைக்கு உழுகிறார்கள் என்ற கணக்கை நாமே எடுக்கலாம். விதை, உரம் வாங்கிய ரசீது, குத்தகை நெல் அளந்த குறிப்பு, இடமும் தேதியும் பதிவான வயல் புகைப்படம் ஆகியவற்றைச் சேர்த்துவைக்கச் சொல்லலாம். அதே கைப்பேசி இங்கே சாட்சியமாகிறது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மனு போடும்போது இவை பயன்படும்.

என்னிடம் வந்த அப்பெண்ணும் அம்மனுவைப் போட்டிருக்கிறார். அதில் கையெழுத்திட அவருக்கு மூன்று வாரம் ஆனது. அடுத்த பட்டத்திற்கு அந்த நிலம் தமக்குக் கிடைக்குமா என்பதே அந்த மூன்று வாரமும் அவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. அவர் பதினோரு ஆண்டுகளாக உழும் நிலம் அது. விசாரணைக்கு இன்னும் நாள் குறிக்கப்படவில்லை. அடுத்த மழைக்கான எச்சரிக்கை மட்டும் அவருக்கு வந்துவிட்டது.