வினை எப்போது முடியும்?

ஒரு வேதிவினையில் 20 நிமிடத்தில் பாதிப் பொருள் மாறிவிடுகிறது. முழுவதும் மாற எவ்வளவு நேரமாகும்? 'நாற்பது நிமிடம்' என்றுதான் சொல்லத் தோன்றும். சுவர் கட்டுகிற வேலைக்கு இந்தக் கணக்குப் பொருந்தும். பல வேதிவினைகளுக்குப் பொருந்தாது. ஏன் என்று பார்ப்போமா?

சர்க்கரை சொன்ன விதி

கரும்புச் சர்க்கரைக் கரைசலில் அமிலம் சேர்த்தால், சர்க்கரை நீருடன் வினைபுரிந்து குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் பிரிகிறது. கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் சர்க்கரைக் கரைசல் முனைவுற்ற ஒளியின் தளத்தை வலப்புறம் திருப்பும். வினையில் உண்டாகும் கலவையோ இடப்புறம் திருப்பும். ஜெர்மானிய அறிஞர் லுத்விக் வில்ஹெல்மி இந்தக் கோணத்தை அவ்வப்போது அளந்து, எவ்வளவு சர்க்கரை மிஞ்சியிருக்கிறது என்று கணக்கிட்டார். 1850ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிவு இதுதான்: எந்த நொடியிலும் வினையின் வேகம், அந்த நொடியில் மிஞ்சியுள்ள சர்க்கரையின் அளவுக்கு நேர் விகிதத்தில் இருக்கிறது.

நீர் ஏராளமாக இருக்கிறது, அமிலம் செலவாவதில்லை. ஆகவே சர்க்கரையின் அளவு மட்டுமே வேகத்தைத் தீர்மானிக்கிறது. இத்தகைய வினையை முதல் வகை வினை என்பர்.

பொருள் குறையக் குறைய வேகமும் குறைகிறது அல்லவா? 100 கிராம் சர்க்கரை 20 நிமிடத்தில் 50 கிராம் ஆனால், அடுத்த 20 நிமிடத்தில் அந்த ஐம்பதில் பாதியே மாறும். பிறகு 25, 12.5 என்று இறங்கிக்கொண்டே போகும். பாதியாகக் குறைய ஆகும் இந்த 20 நிமிடமே அரை வாழ்வுக் காலம். தொடக்கத்தில் எவ்வளவு பொருள் இருந்தாலும் இது மாறுவதில்லை.

கணக்கிடுவது எப்படி?

காலம் = (2.303 ÷ வேக மாறிலி) × மடக்கை (தொடக்க அளவு ÷ மிஞ்சிய அளவு)

0.693ஐ அரை வாழ்வுக் காலத்தால் வகுத்தால் வேக மாறிலி கிடைக்கும். நமது எடுத்துக்காட்டில் 0.693 ÷ 20 = 0.03465. மடக்கை 10ஐ அடிமானமாகக் கொண்டது.

90 விழுக்காடு முடிய: மடக்கை 10 = 1; காலம் 66.5 நிமிடம்.
99 விழுக்காடு முடிய: மடக்கை 100 = 2; காலம் 133 நிமிடம்.
99.9 விழுக்காடு முடிய: மடக்கை 1000 = 3; காலம் 199.4 நிமிடம்.

முதல் 90 கிராம் மாற ஆன அதே நேரம், அடுத்த 9 கிராம் மாறவும் ஆகிறது. அதன் பின் 0.9 கிராமுக்கும் அதே நேரம்! சூத்திரத்தின்படி மிஞ்சிய அளவு ஒருபோதும் சுழியாவதில்லை. எனவே 'எப்போது முடியும்?' என்று கேட்பவர், 'எவ்வளவு மிஞ்சினால் போதும்?' என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு போதுமென்றால், ஏறக்குறைய 10 அரை வாழ்வுக் காலம் காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பின் நீளம்

கதிரியக்கச் சிதைவு வேதிவினை அன்று. அது அணுக்கருவில் நிகழ்வது. ஆனால் அதுவும் இதே விதிக்குக் கட்டுப்பட்டது. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தபோது அயோடின்-131, சீசியம்-137 ஆகியவை காற்றில் பரவின. அயோடின்-131இன் அரை வாழ்வுக் காலம் 8 நாள். 80 நாளில் அது ஆயிரத்தில் ஒரு பங்காகிவிட்டது. சீசியம்-137க்கோ 30 ஆண்டு. 2016இல்தான் அது பாதியானது. ஆயிரத்தில் ஒரு பங்காக, ஏறத்தாழ 2286 வரை காத்திருக்க வேண்டும்.

சர்க்கரை வினையைச் சூடேற்றி விரைவுபடுத்தலாம். சீசியத்தின் சிதைவைச் சூடேற்றி விரைவுபடுத்த முடியாது. அங்கே மனிதர் செய்யக்கூடியது, கணக்கிட்டு, அதுவரை விலகி இருப்பதே.