திருநங்கையர் தாய்–மகள் உறவும் ஆளுமை வளர்ச்சியும்

பிறந்த வீட்டை விட்டு வெளியேறும் திருநங்கை ஒருவரை, மூத்த திருநங்கை ஒருவர் மகளாக ஏற்றுக்கொள்ளும் வழக்கம் தாய்–மகள் தத்து முறை ஆகும். தாயின் தாய் பாட்டியாகவும், தாயின் மற்ற மகள்கள் அக்கா தங்கையராகவும் அமைவர். சமையல், சேலைக்கட்டு, வெளியில் நடந்துகொள்ளும் விதம் என எல்லாவற்றையும் தாயே கற்றுத் தருகிறார். பெயரும் உறவும் வீடும் ஒரே வேளையில் மாறிப்போன ஒருவர் தம் வாழ்வை மீண்டும் தொடங்குவது இந்த வீட்டிலிருந்துதான்.

மனிதரின் ஆளுமை சாகும்வரை வளர்கிறது என்றவர் உளவியலாளர் எரிக் எரிக்சன். 1950-இல் அவர் வகுத்த எட்டுப் பருவங்களில் ஏழாவதான நடுவயதில், அடுத்த தலைமுறையை வளர்த்தெடுப்பவருக்கு நிறைவும் அது வாய்க்காதவருக்குத் தேக்கமும் உண்டாகின்றன. பெற்றால்தான் பிள்ளையா என்ற கேள்விக்கு இம்முறையில் விடை இருக்கிறது. கைவிடப்பட்டு வந்த ஒருவரே பின்னாளில் இன்னொருவரைக் கைவிடாத தாயாகிறார்.

இக்குடும்பங்கள் ஆண்டுதோறும் கூடும் இடம் கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் உள்ள கூவாகம். சித்திரையில் 18 நாள் நடக்கும் கூத்தாண்டவர் திருவிழாவில் திருநங்கையர் அரவானுக்கு மனைவியராகப் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கின்றனர். (வேண்டுதலுக்காகத் தாலி கட்டிக்கொள்ளும் ஊர் ஆண்களும் உண்டு.) மறுநாள் தேரோட்டம். அரவான் களப்பலியானதும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, ஒப்பாரி வைத்து, வெள்ளைப் புடவை உடுத்துகின்றனர். ஊரார் இழப்பாகவே எண்ணாத இழப்பின் துயரை 'அங்கீகரிக்கப்படாத துக்கம்' என்று 1989-இல் கென்னத் டோகா குறித்தார். வீட்டை இழந்தவருக்காக யாரும் துக்கம் கேட்டு வருவதில்லை. அரவானுக்காக அழும்போது அந்தப் பழைய அழுகையும் சேர்ந்தே வெளிவரக்கூடும்.

ஆனால் இந்த உறவை முழுதும் இனிமையானதாகக் கொள்ள முடியாது. மகள் தன் வருமானத்தில் பங்கு தரவேண்டிய வீடுகள் உண்டு; கட்டுப்பாடுகளும் தண்டனைகளும் உண்டு. படிப்பும் வேலையும் எட்டாதபோது கடைகேட்டலும் பாலியல் தொழிலுமே பலருக்கு மிஞ்சின. துன்பம் தானாக யாரையும் வளர்ப்பதில்லை. பேரிழப்புக்குப் பிந்தைய வளர்ச்சியை 1990களில் ஆராய்ந்த டெடெஸ்கி, கல்ஹூன் இருவரும் இழப்போடு நடத்தும் போராட்டத்தையே அதன் காரணமாகக் கூறினர். அப்போராட்டத்துக்குத் துணையும் வாய்ப்பும் வேண்டும்.

மதுரையில் பிறந்து இளவயதிலேயே வீட்டை விட்டு வெளியேறிய நர்த்தகி நடராஜுக்குத் தோழி சக்தி துணையானார், தஞ்சையின் கே. பி. கிட்டப்பா பிள்ளை மாணவியாக ஏற்றுப் பல ஆண்டுகள் பரதம் கற்பித்தார். 2019-இல் நர்த்தகி பத்மஸ்ரீ விருது பெற்றார். இன்று தாமே ஆசிரியையாகவும் இருக்கிறார். அரசின் பங்கு தாமதமாகவே வந்தது. தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் 2008-இல் அமைந்தது. மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது 2014 ஏப்ரல் 15-இல்.